தாசம்மாள் வாங்கிய ஏச்சு

“ஏட்டி தாசம்மா! இது என்ன பப்படமா? தொட்டா உடஞ்சிரும்னு பயப்படுதியே!”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பக்கத்து வீட்டு ராஜையன் பெண்டாட்டியை ஏசத் தொடங்கிவிட்டான். கரமனையில் எங்கள் இரண்டு வாடகை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் கேட்கும்.

“பாவம் தாசம்மா. ஒரு வாரமா வெளிய தலையே காட்டல்ல. இப்பிடி ஏசினா எப்பிடி வருவா?” என்றாள் என் மனைவி.

“நீ ஒண்ணும் அங்க போகண்டாம்.”

ராஜையனோடு நான் பேசி ஆறு வருஷம் ஆகிறது. மொட்டை மாடியில் என் டிவி ஆண்டெனாவைத் திருப்பி வைத்துவிட்டு, ‘காத்து திருப்பிச்சு’ என்று சொன்னவன் அவன். அன்றைக்கு கிரிக்கெட் ஆட்டம் முழுக்க எங்கள் டிவியில் மழைதான் பெய்தது. அதையெல்லாம் மறக்கிற ஆள் நான் இல்லை.

அவனுக்குக் கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை. சில பெட்டிகளை வீட்டுக்கும் தூக்கி வருவான். தாசம்மாள்தான் கூட இருந்து ஸ்குரு எடுத்துக் கொடுப்பாள்.

அன்று எங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் வேலைதான். என் மகள் ஜெஸ்லினுக்கு ஓர் அச்சாபீசில் டைப் செய்யும் வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த பெண்ணுக்கு.

கடையிலேயே முழுதாகப் பூட்டி விற்கிற கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லை. நாமே பூட்டிக்கொள்ளலாம் என்று சாமான்களைத் தனித்தனியாக வாங்கி வந்தோம்.

“ராஜையன் மாமாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே அப்பா” என்றாள் ஜெஸ்லின்.

“பதினோரு வீடு கட்டின கொத்தனாக்கும் நான். ஒரு தகரப்பெட்டிக்கு அவன் வாசல்ல போய் நிக்கணுமா?”

போர்டைப் பூட்டியதும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.

“இது என்ன குளிமுறித் தரையா அப்பா, தண்ணி ஓடுதான்னு பாக்க?” என்று சிரித்தாள்.

ஸ்விட்சைப் போட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. திரை கறுப்பாகவே கிடந்தது. பெட்டி மட்டும் ‘பீப், பீப்’ என்று விடாமல் கத்தியது. அணைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பக்கம் பப்படத்தில் தொடங்கிய ஏச்சு.

“மெமரி சரியா உக்காரல்லட்டி, அதான் கத்துது! கழட்டி, அழி ரப்பரால அந்த மஞ்சப் பல்லைத் துடை. திரும்ப வச்சு, ரெண்டு ஓரமும் டக்குன்னு கேக்குற வரைக்கும் அமுக்கு!”

ஜெஸ்லின் என்னைப் பார்த்தாள்.

“அவன் வீட்டுப் பெட்டிக்கும் இதே சீக்கு போல. காதைத் தீட்டிக்கோ மக்களே” என்றேன் மெதுவாக.

“இது களவுல்லா அப்பா?”

“காத்துல வாறதைக் கேட்டா களவா?”

உடைந்துவிடுமோ என்று பயந்து மெமரியைப் பூப்போல வைத்திருந்தேன். இந்த முறை செங்கல்லை அமுக்குகிற மாதிரி அமுக்கினேன். டக்!

திரையில் எழுத்து வந்தது. ஜெஸ்லின் குதித்தாள். குதித்து முடிப்பதற்குள், “ஐயோ, ஹார்ட் டிஸ்க் இல்லேன்னு எழுதிக் காட்டுது அப்பா!” என்று கத்தினாள்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

“மூளை இருக்காட்டி உனக்கு? பட்டை ஒயரைத் தலைகீழா மாட்டினா டிஸ்க் எப்பிடித் தெரியும்? சிவப்புக் கோடு கரண்டு ஒயர் பக்கம் வரணும்னு எத்தன மட்டம் சொல்லுறது!”

எங்கள் சிவப்புக் கோடும் எதிர்ப்பக்கம்தான் இருந்தது.

“மனுசனா இவன்? கட்டினவள இப்பிடியா ஏசுவான்?” என் மனைவி சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

“ஏசட்டும். இன்னும் நாலு ஏச்சு ஏசினா நமக்கு விண்டோஸும் ஏறிரும்.”

ஏறியது. சாயங்காலம் வரைக்கும் அவன் ஏசினான், நாங்கள் செய்தோம். ஐந்து மணிக்குத் திரையில் நீல வானமும் வெள்ளை மேகமும் வந்தன. ஜெஸ்லின் முதலில் தன் பெயரை அடித்தாள். அடுத்த வரியில் ‘தங்கையன்’ என்று என் பெயரை அடித்து, அதைத் திரை அளவுக்குப் பெரிதாக்கினாள். நான் நான்காம் வகுப்போடு நிறுத்தியவன். என் பெயரை அவ்வளவு பெரிதாக எங்கேயும் பார்த்ததில்லை.

மனைவி பாயசம் வைத்தாள்.

“தாசம்மாளுக்கு ஒரு கிண்ணம் கொண்டு போ. அவளுக்கு மட்டும், கேட்டியா? அவனுக்கு ஒரு சொட்டு கிடையாது” என்றேன்.

கிண்ணத்தோடு போனவள் வாசலிலிருந்து கத்தினாள். “இஞ்ச பாருங்க! தாசம்மா பையும் கையுமா நிக்குதா!”

ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில் தாசம்மாள். கையில் துணிப்பை. அழுதவள் மாதிரி களைத்த முகம். ஏச்சு பொறுக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள்! ஆறு வருஷ வைராக்கியத்தை மறந்து அந்த வீட்டு ஆளிடம் வாய் திறந்தேன்.

“அவசரப்படாத தாசம்மா! காலையிலேருந்து அவன் உன்னை ஏசினதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். நீ வாங்கின ஏச்சுலதான் எங்க கம்ப்யூட்டரே ஓடுது. அதுக்காக வீட்டை விட்டுப் போகலாமா?”

தாசம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னையா ஏசினாரு? நான் மார்த்தாண்டத்துல தம்பி வீட்டுக்குப் போய் எட்டு நாள் ஆச்சே தங்கையண்ணே. இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி வாறேன்!”