காலியாக விடக்கூடாத கட்டம்

மருத்துவமனை வார்டின் முப்பது படுக்கைகளின் மின்திரைகளும் மூன்றாம் நாளாக இருண்டு கிடந்தன.

"ஞாயித்துக்கிழமை லீவு வேணும்னு அடம்பிடிச்சு வாங்கினா. மத்த ஆறு நாளாவது கவனம் வேண்டாமா?" என்றார் கண்காணிப்பாளர், வரவேற்பு மேசைப் பெண்ணைக் காட்டி. தப்பு அவளுடையது என்று புரோகிராமர் எழுதிக் கொடுத்தால் அவளை இன்றோடு அனுப்பிவிடுவாராம்.

அவன் தலையைச் சொறிந்தான். திரைகளை ஓட்டுவது 'ஃபங்க்ஷன்' என்கிற ஒரு சின்ன நிரல். அந்த ஃபங்க்‌ஷன் அவன் எழுதியது. அதற்கென்று தனி சர்வர் கிடையாது. காலை ஏழு மணிக்குத் தானாக விழித்து, கிளவுடில், அதாவது இணையத்தில், வரவேற்பு மேசைப் பெண் நிரப்பும் அட்டவணையை வாசிக்கும். யாரைப் பார்க்க யார், எந்தத் தேதியில் வருகிறார்கள் என்று தலைமாட்டுத் திரைகளில் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும். ஒரு வருடமாக ஒரு குறையும் இல்லை.

எல்லாக் கட்டங்களையும் வெறும் எழுத்தாக வாசிக்கும்படி மாற்றிப் பார்த்தான். பதினாலாம் படுக்கையில் குட்டு உடைந்தது. தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் 'விரைவில்' என்று இருந்தது. அட்டவணை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். தேதியை மட்டுமே எதிர்பார்த்துப் போன ஃபங்க்‌ஷன் அங்கேயே விழுந்துவிட்டது.

"தேதி தெரியலன்னா காலியா விட வேண்டியதுதானே அக்கா?"

"விட்டா 'பார்க்க வருபவர் இல்லை'ன்னு காட்டுதே தம்பி. மனுஷன் நாள் முழுக்க அதையே பார்த்துட்டுப் படுத்திருக்கார்."

அதற்காக மற்ற இருபத்தொன்பது பேரையும் இருட்டில் விடுவதா என்று கேட்டான். இப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியாதாம். அவருக்கு மகன்தான் வர வேண்டுமாம். வேறு யார் போய் நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

கண்காணிப்பாளருக்கு என்னவென்று எழுதிக் கொடுப்பான்? தப்பு அவளுடையதா, ஒரு வார்த்தையைக்கூடத் தாங்காதபடி எழுதிய தன்னுடையதா?

மற்ற வரிகளையும் பார்த்தான். குழப்பம் கூடியது. ஆறு படுக்கைகளுக்கு, உறவு என்ற கட்டத்தில் தங்கை, சித்தி, மகள், அண்ணி என்று விதவிதமாக இருந்தது. தேதி மட்டும் எல்லாமே ஞாயிறு. கைபேசி எண்ணும் ஒன்றே.

கண்காணிப்பாளர் திரையை எட்டிப் பார்த்தார். "போலி ஆளுக்கு அனுமதிச் சீட்டு குடுத்திருக்கா, பாருங்க. அந்த நம்பரை இப்பவே கூப்பிடுங்க."

கூப்பிட்டான்.

நாற்காலியில் மாட்டியிருந்த அவளுடைய பைக்குள் மணி அடித்தது.