நிலவறையில் நான்கு விரல்

நாட்டாமை ராசாங்கம் நிலவறைக்குள் இறங்கியபோது கணுக்கால் வரை தண்ணீர் நின்றது.

காலையில் எட்டிப் பார்த்தபோது தரை மட்டும்தான் ஈரமாக இருந்தது.

உள்ளே பன்னிரண்டு மூட்டை விதைக்கடலை. செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு ஏற்றி வைத்திருந்தார். தண்ணீருக்கும் பலகைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி மிச்சம்.

கடலை நனைந்தால் மார்கழிப் பட்டம் வரை பொறுத்திருக்காது. மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். அப்புறம் எட்டு ஏக்கரிலும் விதைக்குப் பதிலாக அவரேதான் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரிலேயே அண்டர்கிரவுண்டு உள்ள வீடு இது ஒன்றுதான். அவருடைய அப்பா திருடனுக்குப் பயந்து தோண்டியது. இத்தனை வருடத்தில் ஒரு திருடன்கூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது தண்ணீர் வந்துவிட்டது.

சுவரில் புதிதாகப் பூசிய பூச்சு உப்பி உப்பி உதிர்ந்தது. உதிர்ந்த இடமெல்லாம் கசிந்தது.

மனைவி அம்சவள்ளி படியில் நின்று, அவர் மொண்டு கொடுத்த குடங்களை வாங்கி வாசலில் ஊற்றினாள். வாசலில் ஊற்றியது சுவரோரமாக இறங்கி மறுபடி உள்ளே வந்தது. காலையிலிருந்து ஒரே தண்ணீரைத்தான் இறைக்கிறோமோ என்று அவளுக்குச் சந்தேகம்.

மூட்டைகளை மேலே ஏற்றவும் வழியில்லை. கூடத்திலும் அடுப்படியிலும் ஓடு ஒழுகியது. அண்டா, குண்டான், பருப்புக் கரண்டி வரைக்கும் ஒழுகலுக்கு வைத்தாகிவிட்டது.

மழை பிடித்து ஒன்பது நாள். மற்றவர்களைப் போல அவரால் மழையைத் திட்டவும் முடியாது. வரவழைத்ததே அவர்தான்.

மூன்று வருடம் பொட்டு மழை இல்லாமல் போனதால், ஊர்கூடிப் பிள்ளையாரை மூழ்கடிப்பது என்று முடிவானது. தலைமை ராசாங்கம். கருவறையில் தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்து, இடுக்கெல்லாம் பூசி, வாசலில் இடுப்பளவு சுவர் எழுப்பி, உள்ளே பிள்ளையாரின் கழுத்து வரை தண்ணீர் நிரப்பிக் கதவைப் பூட்ட வேண்டும். மூச்சு முட்டினால் மழையை அனுப்பித்தானே ஆக வேண்டும்.

ஏரி நிரம்பி வழிகிற அன்றைக்குத்தான் சாமிக்கு விடுதலை. அதுவரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது. பூசையெல்லாம் வெளியிலிருந்தே.

ஊர்க் கிணற்றில் மிச்சமிருந்ததைச் சுரண்டி இறைத்து ஊற்றினார்கள். ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சாமியையே பணியவைத்தவர் என்று ராசாங்கத்துக்கு மாலை போட்டார்கள். அவரும் கழுத்தை நன்றாக நீட்டித்தான் வாங்கிக்கொண்டார்.

“ஏங்க, அந்தச் சாமிய வெளிய வுட்டாத்தான் மழை வுடும். போயி அடைப்ப ஒடச்சி வுட்டுட்டு வாங்க” என்றாள் அம்சவள்ளி.

ஏரி நிரம்ப இன்னும் இரண்டு அடி பாக்கி. இப்போது உடைத்தது தெரிந்தால் ஊர் தோலை உரித்துவிடும். உடைக்காவிட்டால் விதை போய்விடும்.

நான்கு விரல் இரண்டு விரலாகியிருந்தது.

ராசாங்கம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கடப்பாரையை அதற்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினார்.

போகும் வழியெல்லாம் சிமெண்ட் ஞாபகமாகவே இருந்தது.

அரியலூரில் சிமெண்ட் ஆலைப் புழுதி வேப்பமரத்துக்கே வெள்ளையடித்துவிடும். ஆனாலும் தட்டுப்பாட்டுக் காலம்; ஒரு மூட்டை வாங்கத் தாலுகா ஆபீசில் பெர்மிட் வேண்டும். கருவறை வேலைக்கென்று பிள்ளையார் பேரில் நான்கு மூட்டைக்கு பெர்மிட் வாங்கியிருந்தார். வண்டி முதலில் நின்றது அவருடைய வீட்டு வாசலில். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு மூட்டை. மீதி நிலவறைச் சுவருக்கு. இரண்டு இடத்துக் குறையையும் கொத்தனார் உத்திராபதி மணலை வைத்துச் சரிக்கட்டினார்.

அன்றைக்கு அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. இன்றைக்கு வெட்கமாக இருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் உடைக்கலாம் என்று முடிவு செய்துகொண்டார்.

கோயிலடியில் யாரும் இல்லை. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவருடைய அரைஞாண் கயிற்றில், இன்னொன்று பூசாரி கொளஞ்சியப்பனிடம். கதவைத் திறந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, குட்டைச் சுவருக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

சொட்டுத் தண்ணீர் இல்லை.

தரை தூசியாகக் கிடந்தது. ஊரிலேயே ஈரம் படாத இடம் இது ஒன்றுதான் போலிருந்தது.

பிள்ளையார் கழுத்து வரை நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூட்டையிலும் மையால் ‘கொ’ என்று எழுதியிருந்தது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பூசாரி கொளஞ்சியப்பன், கையில் சூடத்தட்டுடன் நனைந்துகொண்டு நின்றார். அவர் நாட்டாமையின் கடப்பாரையைப் பார்த்தார். நாட்டாமை அவருடைய மூட்டைகளைப் பார்த்தார்.

“தண்ணி ரெண்டாம் நாளே வடிஞ்சிபோச்சுங்க, நாட்டாம. வெறும் மணலு. நான் யாருகிட்டயும் சொல்லல” என்றார் பூசாரி. “ஒங்க கடலைக்கும் எடம் இருக்கு, கொண்டாந்து அடுக்குங்க.”