தாய்வழிக் கேள்வி

"காக்கா, நீங்க அந்தப் பிரம்பு நாற்காலியில உக்காருங்க. மைனி, நீங்க பாயில. கபீர் வாப்பா, வாசல் பக்கம் நழுவாம இந்த முக்காலியில உக்காருங்க. பதில் வராம இன்னைக்கு யாரும் எழுந்திரிக்கப் போறதில்ல."

காஜா பெராங் வட்டாரத்தின் அந்தச் சின்ன வீட்டு முன்னறையில் ஆளுக்கு ஓர் இடம் காட்டிவிட்டு, ரஹீமா தாளும் பேனாவுமாக மேசையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் கபீரின் மாமா இப்ராஹீம். பாயில் அவர் மனைவி ஹஸீனா. முக்காலியில் ரஹீமாவின் கணவர் ஷரீஃபுதீன். ஏழு வயது கபீர் வீங்கிய முட்டியோடு உள்ளறைக் கட்டிலில் கிடந்தான். மெர்டேக்கா என்ற நாட்டு விடுதலை வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"பதிலென்ன பதில்? வெள்ளிக்கிழமை கத்தி வைக்க ஒஸ்தா வர்றார். சுன்னத்து வீட்லயே நடக்கும். செமாபோக் வரைக்கும் சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சு," என்றார் இப்ராஹீம்.

சுவரோடு பேசினாலும் சுவர் இதற்குள் இளகியிருக்கும் என்று ரஹீமாவுக்குத் தோன்றியது.

"இவனுக்கு ரத்தம் உறையாது, காக்கா. பால் பல் விழுந்ததுக்கே நாலு நாள் ஒழுகிச்சு. கத்தி வைக்கறதுன்னா ஆஸ்பத்திரியிலதான். வெட்டுறதுக்கு முன்னாலயே பிளாஸ்மா ஏத்தணும், புண்ணு ஆறுற வரைக்கும் ஏத்திக்கிட்டே இருக்கணும். இந்த நோயிலயும் ரெண்டு மூணு ரகம் இருக்காம். ரகம் தெரிஞ்சாத்தான் எதை, எவ்வளவு ஏத்தறதுன்னு முடிவு பண்ண முடியும்னு டாக்டர் சொல்றார். தாய்வழியில யாருக்காவது ரத்தம் நிக்காம போயிருக்கான்னு எழுதி அனுப்பச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி."

"முட்டியை நல்லா உருவிவிட்டா எல்லாம் சரியாப் போயிடும்," என்றாள் ஹஸீனா.

"போன தடவை நீங்க உருவினதுலதான் ரெட்டிப்பா வீங்கிச்சு, மைனி. உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிக்குது."

"அதுக்காகத் தாய்வழின்னு எழுதுவியா? ஜாலான் பெண்டஹாராவுல ஒரு வீட்ல எங்க பொண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிற நேரம்."

"டாக்டர் என்ன, கடை கடையாப் போய்ச் சொல்லப் போறாரா?"

இப்ராஹீம் நாற்காலிக் கையைத் தட்டினார். "எங்க வீட்ல யாருக்கும் எதுவும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு நீதானே கூட்டிட்டுப் போறே? உன் ரத்தத்தைக் குடு, சோதிச்சுப் பார்க்கட்டும். ஒண்ணும் இருக்காது. அதையே எழுதிடு."

"என் ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு எனக்கே தெரியும். அதை எழுதினா இவனுக்குத் தப்பான மருந்துதான் வரும்." ரஹீமா கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது வாயைத் திறங்களேன்."

"மச்சான் சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி. அவங்க வீட்டு விஷயம். மச்சான்தான் சொல்லணும்."

"உங்களைக் கேட்டதுக்கு அந்த முக்காலியையே கேட்டிருக்கலாம்."

"உம்மா, வலிக்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ரஹீமா போய் முட்டிக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தாள். பேனாவை மூடினாள்.

"சரி காக்கா. ஆஸ்பத்திரி வேணாம். ஒஸ்தா வரட்டும். மாமன் மடியிலதானே பிள்ளையை உக்கார வைப்பாங்க? நீங்களே பிடிச்சுக்குங்க. ரத்தம் நிக்காட்டி, துணியையும் நீங்களே மாத்துங்க. என்னால பார்க்க முடியாது."

இப்ராஹீம் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நேரமாச்சு, வாங்க போகலாம்," என்று ஹஸீனா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டார்.

"கதவுக்கு வெளியில நின்னு துணி துணியா எடுத்துக் குடுத்தவன் நான்," என்றார். "இன்னொரு தடவை என்னால ஆகாது. பேனாவை எடு, ரஹீமா. என் தங்கச்சி காய்ச்சல்ல மவுத்தாப் போனதா உன்கிட்ட நாங்க சொன்னது பொய். நூர்ஜஹான் இவனைப் பெத்துப்போட்ட அன்னைக்கு ரத்தம் நிக்காமத்தான் போனா."

கைக்குழந்தையாக இருந்த கபீரை வளர்க்கவென்றே அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்த ரஹீமா, அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, உறையை ஒட்டி, தபாலில் சேர்க்கச் சொல்லிக் கணவர் கையில் கொடுத்தாள்.