விடுப்புச் சீட்டு

போர் நடந்த பதினோரு நாளும் மாசிலாமணி விடுப்பில் இருந்ததாகப் பதிவேடு சொன்னது. அதைத் திருத்திப் பதக்கம் தரக் கேட்டு அவர் மனு கொடுத்திருந்தார்.

“சீட்டு உங்க பேர்லதானே இருக்கு, ஐயா?” என்றார் எழுத்தர்.

“அதை என்கூட படையில இருந்த லாசர்கிட்ட கொடுத்துட்டேன், சார். அவன் சம்சாரத்துக்குப் பிரசவ நேரம். அவன் பேர்ல நான் நின்னேன்.”

“பதக்கம் லாசருக்குப் போயிருக்கு. ஆளும் இப்ப உயிரோட இல்லை. இதைத் திருத்தினா, அவரை ஓடிப்போனவர்னு எழுதணும். எழுதட்டுமா?”

மாசிலாமணி மனுவைத் தன் பக்கம் இழுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

“நான் ஊர்லதான் இருந்தேன், சார்.”

“என்ன விசேஷத்துக்கு?”

“பொண்ணு பொறந்துச்சு.”

மாசிலாமணியின் கோப்பில், மணமாகாதவர் என்று எழுதியிருந்த இடத்தில் எழுத்தரின் விரல் நின்றது.