சிக்னல் இல்லாத தீவு

“அங்க சிக்னல் சுத்தமா கிடைக்காதுதானே?” மூன்றாவது முறையாகக் கேட்டாள் மனைவி.

“நடுக்கடல்ல ஏது சிக்னல்? மரத்துக்கு மரம் ஊஞ்சல் கட்டியிருப்பான். காலை நீட்டிப் படுக்க வேண்டியது. போரடிச்சா கடலுக்கடியில முங்கி மீன் பாக்க வேண்டியது.” பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்ன கணவன், பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். குளித்துக்கொண்டிருந்தாலும் ஃபோன் அடிக்கும்.

ஃபோனையாவது அணைத்து வைக்கலாம். சொந்தக்காரர்களை அணைக்க முடியுமா? ஃபேன் சுற்றவில்லை என்று சித்தப்பா வருவார், மிக்ஸி கத்துகிறது என்று மாமா வருவார். ஒன்றுமே கெடாவிட்டாலும், அடுத்த தெருவிலிருந்து அவனுடைய அக்காவும் அத்தானும் தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு ஆஜராகிவிடுவார்கள்.

“கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு. ஒரு வேளையாவது நாம ரெண்டு பேர் மட்டும் உக்காந்து சாப்பிட்டிருக்கோமா?” என்று போன மாதம் அவள் அழுதே விட்டாள். அதற்குப் பிறகுதான் இந்தத் தீவு யோசனை.

வாசலில் செருப்புச் சத்தம். சாட்சாத் அக்காவேதான்.

“சாவியைக் குடுத்துட்டுப் போடா. செடிக்குத் தண்ணி ஊத்த வேணாமா?”

வீட்டில் இருந்தது ஒரே ஒரு செடி. அதுவும் கள்ளி. கொடுக்காவிட்டால் ஏன், எதற்கு என்று குடைவாள் என்பதால், அவன் பேசாமல் சாவியைக் கொடுத்தான்.

ஆனாலும் குடைந்தாள். “அந்தத் தீவுக்குப் பேரு என்னடா சொன்ன?” சொன்னான். அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “நிஜமாவே அங்க ஃபோன் எடுக்காதா? நடுவுல மனசு மாறித் திரும்பிட மாட்டீங்களே?”

“ஒரு வாரம் முழுசா இருந்துட்டுத்தான் வருவோம், அண்ணி,” என்றாள் மனைவி.

“குடுத்து வச்சவடி நீ. எனக்குப் பாரு, நாளான்னைக்கு என் நாத்தனார் குடும்பத்தோட வந்து இறங்குறா. இந்த நாத்தனார்களை வச்சுக்கிட்டு எங்க போய் முட்டிக்கிறது?”

மனைவியின் நாத்தனார் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் ஊரறிய டாக்ஸி வந்தது. கணவனும் மனைவியும் கறுப்புக் கண்ணாடியும் வைக்கோல் தொப்பியுமாக ஏறினார்கள். இரண்டு தெரு தள்ளி இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சந்து வழியாக வந்து, தங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார்கள்.

அவனுக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். அவளுக்கோ கடலும் வேண்டாம், கரையும் வேண்டாம். சாத்திய கதவு ஒன்று போதும்.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரிமாறுவதற்காக எழுந்திருக்காமல் அவள் ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

சாகசத்துக்கும் குறையில்லை. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் முங்கினார்கள். “இவன் ஊர்ல இல்லாத நேரம் பாத்துத்தான் இந்த ஃபேன் நிக்கும்” என்று புலம்பிவிட்டுச் சித்தப்பா திரும்பிப் போனார்.

மறுநாள் மத்தியானம் மணி அடிக்கவில்லை. வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

“ஐயோ, அண்ணி!” என்றாள் மனைவி, சோபாவுக்குப் பின்னால் பாய்ந்தபடி.

“மூச்சு விடாத. கள்ளிக்கு ஊத்திட்டுப் போயிடுவா.”

கதவு திறந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை; சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. யாரோ “அப்பாடா” என்று சோபாவில் தொப்பென்று விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் ஒரு வைக்கோல் தொப்பி பறந்து வந்து மனைவியின் மடியில் இறங்கியது.

அதை எடுக்க எட்டிப் பார்த்தது அத்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெரிய பெட்டியோடு அக்கா.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்காதான் ஓடிப் போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

“கத்தித் தொலைக்காதடா... நாங்களும் அந்தத் தீவுலதான் இருக்கோம்!”