ஐந்தாவது ஆள்

உலக வர்த்தக மாநாட்டுக்கு வரும் விருந்தினர்களின் காதில் கோஷம் விழுந்துவிடக் கூடாதே என்று, தையல் ஆலைத் தொழிற்சங்கச் செயலாளர் செங்கமலத்தின் காலில் அரசு அன்போடு ஒரு பட்டை மாட்டியிருந்தது. அவளையும் சேர்த்து ஐந்து பேரின் இதயம் ஒரே அறையில் துடித்தால் அது அலறும், போலீஸ் வரும்.

அன்று மகளுக்கு வளைகாப்பு. சட்டத்தை மதிக்கும் செங்கமலம், வளையல் போட வந்த பெண்களை இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே விட்டாள். முதல் இருவர் நுழைந்ததுமே பட்டை அலறியது.

இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பார்த்தார். "நாலு பேருதானே இருக்கீங்க? அஞ்சாவது ஆள் எங்க?"

செங்கமலம் மகளின் வயிற்றைக் காட்டினாள். "ஏழு மாசம் சார்."

அவர் சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்தார். "பேரு?"

"இன்னும் வைக்கல சார்."

'பெயர் சொல்ல மறுத்தார்' என்று எழுதிக்கொண்டார்.