சுவரோரத்து நாற்காலியின் திருகாணி

"இறுக்கிப் பிடிச்சா போதும், மத்ததெல்லாம்..." என்று கடையிலிருந்து வந்த பெட்டிக்குள் பெரிய போல்ட் ஏதோ சொல்லியிருந்தது. சுவரோரத்து நாற்காலியின் திருகாணிக்கு அவ்வளவுதான் நினைவிருந்தது.

அந்த நாற்காலிமேல் எப்போதும் துணிகள்தான். தனியாக வாழும் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார்.

"என்னண்ணே, இந்த ஆட்டம் ஆடுறீங்க?" என்று அது ஒருநாள் பக்கத்து நாற்காலியின் திருகாணியைக் கேட்டது.

"அவரு சாய்ஞ்சு சாய்ஞ்சு ஆடுறாருப்பா. மரத்துல ஓட்டை பெருசாயிடுச்சு. விழுந்தேன்னா குப்பைக்குத்தான்."

மறுநாள் வீட்டுக்காரர் அந்த ஆடும் திருகாணியைக் கழற்றினார். பசை தடவிய தீக்குச்சியை ஓட்டையில் செருகி, திரும்ப முடுக்கினார். "நீயும் விட்டுட்டுப் போகப் பாத்தியா?" என்று அதன் தலையைக் கட்டைவிரலால் தடவினார்.

பிறகு சுவரோரத்துத் திருகாணியைத் தொட்டுப் பார்த்தார். அது கெட்டியாக இருந்தது. துணிகளை மறுபடி போட்டுவிட்டுப் போனார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொள்வதென்று அது முடிவு செய்தது.